வண்டி கவிழ்த்த வம்சம்

லிஃப்ட்காரருக்கு ஒரு குடும்பப் பெயர் உண்டு. அதை இங்கே எழுதுவதில் நமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் எந்தக் குடும்பப் பெயரை எங்கே அச்சடித்தாலும், அதன் காலடியில் பெயர் மூல ஆணையத்தின் பொறுப்புத் துறப்பு வாசகத்தையும் முழுசாக அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த வாசகம் இந்தக் கதையைவிட நீளம். காகிதம் விற்கிற விலையில் அந்த வம்பு எதற்கு? லிஃப்ட் பழுது பார்க்கிறவரை ஊரே லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

அவருடைய ஒரே மகள் ரயில் ஓட்டப் படித்தவள். எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை, இன்ஜினுக்குள் நின்று பழகும் பயிற்சி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக வேலை உத்தரவு வந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது. வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. மகள் புதுச் சப்பாத்து வாங்கி வந்து, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள் அம்மா அன்றைக்கு மடித்த படுக்கை விரிப்புகள் எல்லாம் கோணல்மாணல்.

உத்தரவின் கடைசி வரியை லிஃப்ட்காரர்தான் முதலில் பார்த்தார். 'பெயர் மூலச் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.'

பெயர் மூல ஆணையம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காக ஏற்பட்டது. கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கண்டுபிடித்ததையெல்லாம் ஆணையம் 'பெயர் மூலப் பெருந்தொகுப்பு' என்று தலையணை தலையணையாக அச்சடித்து வைத்திருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ஒரு பொறுப்புத் துறப்பு இருக்கும்: 'இதிலுள்ள எந்தத் தகவலும் சரி என்று ஆணையம் கூறவில்லை. தவறு என்றும் கூறவில்லை. இதை நம்பி யாரும் எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது.' அந்தத் தாளைப் புரட்டினால் பின்பக்கத்தில் அரசாணை: 'எல்லா அலுவலகங்களும் இத்தொகுப்பை நம்பியே காரியம் செய்ய வேண்டும்.' இரண்டும் ஒரே தாளின் இரண்டு பக்கம் என்பதால் ஒன்றாகப் படிக்கும் சந்தர்ப்பம் இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் ஆணையத்துக்குப் போனார். தொழில் புத்தி, முதலில் லிஃப்ட்டைத்தான் பார்த்தார். 'இது மேலே போகும் என்று ஆணையம் உத்தரவாதம் தரவில்லை' என்று கதவில் ஒட்டியிருந்தது. சரி, நடந்தே போவோம் என்று படிக்கட்டுக்கு வந்தார். 'இந்தப் படிகள் மேலே போவதுபோலத் தோன்றலாம். தோற்றத்துக்கு ஆணையம் பொறுப்பல்ல.' அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவர் தொழிலில் கயிறு அறுந்தால் அறுந்ததுதான். ஒட்டித் தப்பிக்க ஒரு காகிதமும் கிடையாது.

மேலே மூல ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மூச்சே விடாமல், "இப்பநான்சொல்றதுஎன்சொந்தக்கருத்துமில்லஆணையத்தோடகருத்துமில்ல. உட்காருங்க" என்றார்.

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். நாற்காலியின் கையில், 'அமர்வது அமர்பவரின் சொந்த முடிவு' என்று இருந்ததை உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார்.

வந்த விஷயத்தைச் சொன்னார். ஆய்வாளர் ஒரு தலையணையைப் பிரித்து, அச்சடித்த சான்றிதழில் தேவையானதைப் பார்த்து எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். லிஃப்ட்காரர் வாங்கிப் படித்தார். 'இக்குடும்பத்தார் வண்டி கவிழ்த்தவர்கள். முன்னொரு காலத்தில் இவர்களது மூதாதை ஒருவர் ஒரு வண்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடியமையால் வந்த பெயர். வழிவழியாகக் கவிழ்ப்பவர்கள்.'

"சார், என் பொண்ணு ரயில் ஓட்டப் போறா சார்!"

"இப்பநான்சொல்றதுஎன்சொந்தக்கருத்துமில்லஆணையத்தோடகருத்துமில்ல. வாழ்த்துகள்."

"இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா அவளை இன்ஜின் பக்கமே விடமாட்டாங்களே? யார் சார் சொன்னது இதை?"

ஆய்வாளர் அடிக்குறிப்பைக் காட்டினார். 'ஆதாரம்: வாய்மொழி மரபு. கிடைத்த இடம்: மேல்மாடி.'

"நானே நேர்ல வந்து ஆய்வு பண்ணினது" என்றார் ஆய்வாளர், முகம் மலர்ந்து. "உங்க வீடு பூட்டியிருந்துது. மாடியில இருக்கறவர்தான் சொன்னார். மரபு அவர் வாயில அப்படியே உயிரோட இருக்கு சார்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

லிஃப்ட்காரர் வீட்டுக்கு ஓடிவந்து, படியேறி, மாடிவீட்டுக்காரரின் கதவைத் தட்டினார். மாடிவீட்டுக்காரர் தள்ளுவண்டியில் பூச்செடி வைத்து விற்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் உங்க தம்பி வேனைப் பின்னாடி எடுக்கறேன்னு வந்து என் வண்டியைச் சாய்ச்சாரே, ஞாபகம் இருக்கா? தொட்டியெல்லாம் சுக்குநூறு. அந்தக் கடுப்புல உட்கார்ந்திருந்தேன். அப்போ பார்த்து ஒருத்தர் பேனாவும் கையுமா வந்து, கீழ்வீட்டுக்காரங்க எப்படின்னு கேட்டார். 'அது வண்டியைக் கவுக்கற குடும்பம்'னேன். 'எந்தக் காலத்துல கவுத்தாங்க'ன்னார். 'எந்தக் காலத்துலயும்தான்'னேன். அவ்வளவுதாண்ணே. எழுதிக்கிட்டு, என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனார்."

லிஃப்ட்காரருக்கு அவரை அறையலாம் போல இருந்தது. ஆனால் மனுஷன் பாவம், சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்கண்ணே, நானே வந்து சொல்றேன்" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

மூல ஆய்வாளர் மாடிவீட்டுக்காரரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் அவர் சொல்ல வந்ததைக் கேட்கக் கேட்க ஆய்வாளரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஐயா, நீங்க எங்களுக்கு ஆதாரம். உங்க மேல எங்களுக்கு அளவு கடந்த மரியாதை உண்டு. ஆனா ஆதாரமே வந்து இல்லைன்னு சொன்னாலும் ஆதாரம் ஆதாரம்தான். நீங்க இப்போ சொல்றது புது மரபு. அது அடுத்த பதிப்புலதான் வரும்."

"அடுத்த பதிப்பு எப்போ சார்?" என்றார் லிஃப்ட்காரர்.

"இந்தப் பதிப்பு வித்துத் தீர்ந்ததும்."

"வாங்கறாங்களா?"

"இதை நம்பி எந்தக் காரியத்திலயும் இறங்காதீங்கன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே, அப்புறம் யார் வாங்குவாங்க?" என்றார் ஆய்வாளர், கேட்டவர்மேல் இரக்கப்பட்டவராக.

மேல்முறையீடு இயக்குநரிடம். இயக்குநர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது பொழுது போகட்டும் என்று லிஃப்ட்காரர் பெருந்தொகுப்பைப் புரட்டினார். அலுவலகத்துப் பெயர்ப்பலகைகள் எதிர்ச்சுவரிலேயே இருந்ததால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாக இருந்தது. இயக்குநரின் மூதாதையர் அரசருக்கு யோசனை சொன்னவர்கள். துணை இயக்குநரின் மூதாதையர் அந்த யோசனையைத் திருத்தியவர்கள். ஆய்வாளரின் முப்பாட்டனார் நடந்து போனால் மரங்கள் நிழலை அவர் பக்கமாகச் சாய்த்தன. இங்கே வேலை பார்க்கிறவர்களின் வம்சத்தில் ஒரு செருப்புத் தைத்தவரோ, கடன் வாங்கி ஓடினவரோ, சும்மா இருந்தவரோ கிடையாது. ஊரில் உள்ள அத்தனை திருட்டையும் கவிழ்ப்பையும் மற்றவர்களின் பாட்டன்மாரே பங்கிட்டுச் செய்திருக்கிறார்கள்.

இயக்குநர் இனிமையானவர். லிஃப்ட்காரரை உட்கார வைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

"பாருங்க, நாங்க யாரையும் உசத்தியாவோ மட்டமாவோ நினைக்கறதே இல்லை. யார் உசத்தி, யார் மட்டம்னு கண்டுபிடிச்சு எழுதி வைக்கறோம். அவ்வளவுதான். நினைக்கறது படிக்கறவங்க பொறுப்பு. இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்லேர்ந்து நான் ஒரு முடிவும் எடுத்தது கிடையாது. அதனாலதான் என்மேல ஒரு புகாரும் கிடையாது. நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்னு யாராவது சொல்லட்டும்! அதுக்கு முதல்ல நான் எதையாவது பண்ணியிருக்கணுமே?"

"அப்போ இது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

"தப்புன்னு எழுதினா, சரி எது, தப்பு எதுன்னு எங்களுக்குத் தெரியும்னு ஆயிடும். அந்தக் கெட்ட பேரு எங்களுக்கு வேண்டாம்."

"அப்போ சரின்னாவது எழுதிக் குடுங்க. நான் கோர்ட்டுக்குப் போறேன்."

இயக்குநர் சிரித்தார். "அதுவும் எழுத மாட்டோம். ஆனா உங்க கஷ்டம் புரியுது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. எங்க வாசக அலுவலரைப் பாருங்க. எதுக்கும் ஒரு வாசகம் வச்சிருப்பார்."

வாசக அலுவலர் என்பவர் பொறுப்புத் துறப்புகளை இயற்றுகிறவர். மெலிந்த தேகம், கலைந்த முடி, எதையும் பாதி கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். லிஃப்ட், படிக்கட்டு, நாற்காலி எல்லாம் அவர் கைவண்ணம். அவர் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவில், 'இது தண்ணீர் என்று ஆணையம் உறுதி கூறவில்லை' என்று இருந்தது. அதைத் தான் எழுதி முடித்த அன்று தன் கண்ணே கலங்கிவிட்டதாக அவர் சொன்னார்.

"உங்க குடும்பப் பேரு மாறாது" என்றார். "குடும்பத்தை மாத்திடலாம்."

"புரியலையே சார்."

"உங்க பொண்ணு உங்க பொண்ணா இருக்கறதுனாலதானே பிரச்சினை?" அவர் கண்ணை முழுசாக மூடிக்கொண்டார். காற்றில் விரலை ஆட்டினார். பிறகு எழுதத் தொடங்கினார். நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்து, ராகம் போட்டு வாசித்தார்:

'மேற்படி பெண்ணுக்கும் கீழே கையொப்பமிடும் ஆணுக்கும் இடையே தோற்றத்திலோ, குரலிலோ, குணத்திலோ, நடையிலோ காணப்படும் ஒற்றுமைகள் அனைத்தும் முற்றிலும் தற்செயலானவை. உயிரோடிருக்கும் அல்லது மறைந்த எந்தப் பெற்றோரையும் இப்பெண் குறிப்பிடுபவள் அல்லள்.'

"இதுல கையெழுத்துப் போட்டுட்டா, கவுத்தது உங்க வம்சமாவே இருக்கட்டும், அது அவளைத் தொடாது. நீங்களும் உங்க சம்சாரமும் போடணும். பெத்தவங்க சம்மதம் இல்லாம பெத்தவங்க இல்லைன்னு எழுத எங்களுக்கு மனசு வராது."

லிஃப்ட்காரர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளிடம் காட்டக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் வீட்டில் எதை மறைக்க முடிந்தது? அவள் படித்துவிட்டு மடித்து அவரிடமே நீட்டினாள். பிறகு, "வேண்டாம்பா. வேற வேலை பார்த்துக்கலாம். உலகத்துல ரயில் ஒண்ணுதானா இருக்கு?" என்றாள். சொல்லிவிட்டு, கூடத்து நடுவில் இருந்த புதுச் சப்பாத்தைக் காலால் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். அப்போதே கையெழுத்துப் போடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

மனைவி தீர்மானித்தது வேறு. காகிதத்தைப் படித்தவள், "இவ ஜாடை தற்செயல்னா நான் யாருங்க?" என்று கேட்டாள். லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க வாயைத் திறக்க வேண்டாம். எழுதினவனையே கேட்டுக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். லிஃப்ட்காரரும் பின்னாலேயே போனார்.

வாசக அலுவலர் அந்த அம்மாளைப் பாதிக் கண்ணால் பார்த்தார். இயக்குநரும், புதுவிதமான மனு ஒன்று வந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார்.

"நான் பெத்தது தற்செயலா?" என்றாள் மனைவி.

"பெத்தது தற்செயல் இல்ல மேடம். ஜாடை மட்டும்தான்."

"அப்போ அது யார் ஜாடை?"

"அதைப் பத்தி ஆணையம் கருத்து எதுவும் சொல்லலை."

"சொல்லாம விட்டா ஊரு சொல்லுமே?"

"ஊர் சொல்றது வாய்மொழி மரபு. அது வேற பிரிவு" என்று இயக்குநர் குறுக்கே வந்து விளக்கினார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசைமேல் இருந்த கூஜாவை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தாள். பிறகு அதை வாசக அலுவலரின் தலையில் அப்படியே கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை.

"தண்ணியை ஊத்திட்டாங்க! தண்ணியை ஊத்திட்டாங்க!" என்று மூல ஆய்வாளர் ஓடிவந்தார்.

"தண்ணின்னு யார் சொன்னது?" என்றாள் அவள்.

ஈரம் சொட்டச் சொட்ட நின்ற வாசக அலுவலர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூஜாவைப் பார்த்தார். அது தண்ணீர் என்று உறுதி கூறும் அதிகாரம் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் இல்லை. ஆகவே யார்மேலும் எதையும் யாரும் ஊற்றவில்லை என்று பதிவானது. வாசக அலுவலர் தும்மினார். அதையும் யாரும் உறுதிப்படுத்தவில்லை.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆத்திரம் வடிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. கட்டிலுக்கு அடியில் போன சப்பாத்தை அவளும் பார்த்திருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் லிஃப்ட்காரரும் போட்டார். அவர் வாழ்நாளில் எத்தனையோ பழுதுச் சீட்டில் கையெழுத்து வைத்தவர். தன் பெயரையே எழுத்துக் கூட்டிப் போட்டது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை. ரயில்வே அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவு குமாஸ்தா காகிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிக் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார், அவள் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். அதே மூக்கு. அதே ஒட்டிய காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது புருவத்தைச் சொறிந்துகொண்டார்கள்.

"அட, உரிச்சு வச்ச மாதிரி இருக்கீங்களே!" என்றார் குமாஸ்தா, தன்னை மறந்து.

என்ன சொல்ல வேண்டும் என்று வாசக அலுவலர் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை. தொண்டையில் எங்கேயோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

"என் பொண்ணு சார்" என்றார். "நான் பெத்த பொண்ணு."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போயிற்று என்று மூன்று பேருக்கும் தோன்றியது, ஓரமாக நின்ற அம்மாவையும் சேர்த்து.

குமாஸ்தா மட்டும் பதறவில்லை. "நீங்க வாயால சொல்றதையெல்லாம் நான் கணக்குல எடுக்க முடியாது சார்" என்றார். "காகிதத்துல என்ன இருக்கோ அதான் உண்மை. நீங்க தாராளமா சொல்லிக்கிட்டு இருங்க." முத்திரையைக் குத்தினார். மகளுக்கு வேலை ஆகிவிட்டது.

பிறகு பணிப்பதிவேட்டில் மிச்ச இடங்களை நிரப்பத் தொடங்கினார். "அவசரம்னா தகவல் சொல்ல வேண்டிய உறவினர்" என்று வாய்விட்டுப் படித்து, காகிதத்தைத் திரும்பப் பார்த்து, 'எவருமில்லை' என்று எழுதினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் லிஃப்ட்காரர். "வண்டிக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, எங்களுக்கு யார் சொல்லுவாங்க?"

"உங்களுக்கு எதுக்கு சார் சொல்லணும்?" என்றார் குமாஸ்தா. கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் மாலையானால் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே தண்டவாளம் வளைகிற இடத்தில் வேலி ஓரமாகப் போய் நிற்கிறார். மகள் ஓட்டும் வண்டி அந்த வழியாகத்தான் திரும்பி வரும். வண்டி வந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அவருக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மழை நாளில் மனைவியும் குடையோடு வந்து நிற்பாள். அவர்களைக் கண்டதும் இன்ஜினிலிருந்து ஒரு நீண்ட ஹாரன் சத்தம் கிளம்பும். சில நாள் அது வளைவு முழுக்க நீளும்.

சில மாதங்களில் ரயில்வேயிலிருந்து மகளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஆள் நடமாட்டமோ, கால்நடையோ, குறுக்குப் பாதையோ இல்லாத ஓர் இடத்தில், நாள் தவறாமல், அதே நேரத்தில் ஹாரன் அடிக்கப்படுவதற்குக் காரணம் என்ன?

மகள் ஒரே வார்த்தையில் பதில் எழுதினாள்: 'தற்செயல்.'

விளக்கம் சட்டப்படி சரியாக இருந்ததால் மேலிடம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தற்செயல் இன்றைக்கும் மாலைதோறும் தவறாமல் நடக்கிறது.